மச்சான் செய்த காற்றுக்குழாய்

என் அக்கா வீட்டுக்காரர் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் மணி என்ன என்று கேட்க மாட்டார். தெரியாத ஊரில் வழி கேட்க மாட்டார். நாலு தெரு சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்று, "இப்படியும் ஒரு பாதை இருக்குபோல" என்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால், செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் குடிப்பார். வைக்க மறந்துவிட்டோம் என்றால் தொண்டையைச் செருமிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். "தண்ணி வேணுமா மச்சான்?" என்றால், "இருக்கட்டும் மாப்ள" என்பார். அந்த 'இருக்கட்டும்' என்பதை வைத்துக்கொண்டே மனிதர் பாதி ஆயுளை ஓட்டிவிட்டார்.

எனக்கு இதெல்லாம் ஆகாது. நான் வத்தலக்குண்டில் வண்டி சாமான் விற்கிற கடையில் கவுண்டரில் நிற்பவன். காலையிலிருந்து கத்தினால்தான் எனக்குச் சோறு இறங்கும். வருகிறவன் என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும். இருந்தால் எடுத்துக் கொடுப்பேன், இல்லையென்றால் இல்லை என்பேன். இதில் கூச்சப்பட என்ன கிடக்கிறது என்று எனக்கு விளங்கியதேயில்லை.

அவர் மேல்மலைக்காரர். கொடைக்கானலைத் தாண்டி, பூம்பாறைக்கும் அப்பால், வெள்ளைப்பூண்டு விளைகிற ஊர். சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அம்மாவோடு கப்பலேறி வந்தவர். கொஞ்ச காலம் காட்டு வேலை, கொஞ்ச காலம் பூண்டு அறுப்பு, பிறகு ஒரு பழைய டீசல் ஜீப். மூட்டையும் ஆளும் ஏற்றிக்கொண்டு தினமும் கொடைக்கானலுக்குப் போவார். வாரத்தில் ஒருநாள் வத்தலக்குண்டுவரை இறங்குவார். டீயைத் தேத்தண்ணி என்பார். அதையும் நாம் வாங்கிக் கொடுத்தால்தான்.

என் அக்கா அந்த ஊர் அங்கன்வாடியில் வேலை பார்த்தாள். வாரக் கடைசியில் அவருடைய ஜீப்பில்தான் கீழே வருவாள். முன் சீட்டில் உட்கார்ந்து அத்தனை தடவை வந்திருக்கிறாள், மனிதர் பனியைப் பற்றியும் மழையைப் பற்றியும் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசியில் அக்காதான், "என்னக் கட்டிக்கிறீங்களா, இல்ல வீட்டுல பாத்த மாப்பிள்ளைக்குத் தலையாட்டிரவா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கும் 'இருக்கட்டும்' என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து போனாளாம்.

அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பெண் கேட்டு வரவேண்டுமே. அய்யம்பாளையத்தில் எங்கள் தெரு முனைவரைக்கும் வந்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஜீப்பை நிறுத்திவிட்டு, அப்படியே திரும்பிப் போய்விட்டார். இன்னொரு நல்ல நாள் பார்த்தோம். அன்றைக்கும் அதே கதை. எங்கள் அப்பா புதுவேட்டி கட்டி உட்கார்ந்திருந்தவர், "பொண்ணு வேணும்னா வாயத் தொறந்து கேக்கணும்ல. வாயில்லாத பயலுக்கு எதை நம்பிக் கட்டிக் குடுக்கிறது?" என்று குதித்தார். கடைசியில் அவருடைய அம்மா தனியாக வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடு வீட்டில் நின்று கேட்டது. மாப்பிள்ளை வாசலில் ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு மானம் போயிற்று.

கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து. பந்தியில் கடைசி இலை அவருக்கு. சாம்பார் வாளிக்காரன் அவரைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டான். மனிதர் வெறும் சோற்றை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டு, "என்ன மச்சான் வெறுஞ்சோத்தத் திங்கிறீங்க, சாம்பார் கேக்க வேண்டியதுதான?" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பந்தி முழுக்கத் திரும்பியது. அவர் காதெல்லாம் சிவந்து, நெற்றி வேர்த்து, "இதுவே நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றார். வாளி திரும்பி வருவதற்குள் இலையை மூடிவிட்டார்.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். பெருமாள்மலையில் டீ குடிக்க நிறுத்தியிருந்தோம். நான்தான் வழக்கம்போல் அவரைக் கடிந்துகொண்டிருந்தேன், பெண்டாட்டி வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்க என்ன கேடு என்று. அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாங்க கப்பல்ல வந்து எறங்குன புதுசுல உதவி குடுக்குற ஆபீசு ஒண்ணு இருந்துச்சு மாப்ள. அம்மா என்னையும் கூட்டிக்கிட்டு அடிக்கடி போயி நிக்கும். இது இன்னும் வரல, அது இன்னும் வரலன்னு கேக்கும். அங்க இருந்த ஆளு ஒருநா, 'ஒங்களுக்கெல்லாம் கேக்குறதத் தவிர வேற சோலியே கெடையாதா'ன்னான். வரிசையில நின்ன அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க."

"அதுக்கு?"

"அம்மாவும் சேந்து சிரிச்சுச்சு மாப்ள."

மிச்சத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். நானும், "அது அப்ப. இப்ப ஒங்க காசுக்கு ஒங்க சாமான வாங்க என்ன வெக்கம்?" என்று கேட்டுவிட்டு டம்ளரை வைத்தேன். அவர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

இனி அந்தக் குழாய்க்கு வருகிறேன். அது நடந்தது கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து.

ஜீப்பின் ஏர் பில்டர் டப்பா துருவேறி ஓட்டை விழுந்து, ஒருநாள் மேட்டில் குலுங்கிய குலுங்கலில் காம்போடு உடைந்து விழுந்துவிட்டது. எஞ்சினுக்கு மூக்கு அதுதான். வெளிக்காற்று அதன் வழியாக வடிகட்டி உள்ளே போக வேண்டும். அது இல்லையென்றால் மலைரோட்டுப் புழுதியெல்லாம் எஞ்சினுக்குள் போய் அரைத்துத் தீர்த்துவிடும். என் கடை அலமாரியில் அந்த டப்பா இருந்தது. புதியது வேண்டாமென்றால் பழையது ஒன்றைத் தேடிப் பிடித்துத் தரவும் எனக்கு ஆள் உண்டு. அவர் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். அலமாரியை அண்ணாந்து பார்த்தார். "கீழ இன்னும் மழையக் காணோம்போல" என்றார். தேத்தண்ணி குடித்தார். போய்விட்டார். என்ன விஷயமாக வந்தார் என்பதே அக்கா போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விலை கேட்டு, கட்டுபடியாகாமல் திரும்பினால் மச்சினன் என்ன நினைப்பான். நான் சும்மா எடுத்துக் கொடுத்துவிட்டால் அது அதைவிடக் கேவலம். இப்படியெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறார்.

"அவரே ஒண்ணு செஞ்சுக்கிட்டு இருக்காருடா" என்றாள் அக்கா.

மேலே போனபோது பார்த்தேன். பூண்டுக்காட்டுக்குத் தண்ணீர் இழுத்த பிளாஸ்டிக் குழாயில் மிஞ்சிய துண்டு ஒன்று. அதை அடுப்புத் தணலில் காட்டி இளக்கி முழங்கைபோல வளைத்திருந்தார். ஊரில் ஏதோ கல்யாணத்தில் சமையல்காரர்கள் விட்டுப்போன பெரிய ஊறுகாய் டப்பா. அதன் மூடியில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் போட்ட துளைகள். டப்பாவுக்குள்ளே வடிகட்டி. டீக்கடையில் தொங்குமே, கம்பி வளையத்தில் துணிப்பை தைத்தது, அதேதான். வடிகட்டியைக் காணோம் காணோம் என்று அக்கா வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். கட்டின பெண்டாட்டியிடம்கூட 'எடுத்துக்கவா' என்று கேட்கவில்லை மனிதர். இணைப்புகளில் சைக்கிள் ட்யூபை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றியிருந்தார். காற்றை உறிஞ்சுகிற வாயை எஞ்சின் பக்கத்தில் வைக்காமல் ஹெட்லைட்டை ஒட்டி முன்பக்கம் பார்க்க வைத்திருந்தார்.

"எஞ்சின் பக்கத்துக் காத்து வெந்த காத்து மாப்ள, அது ஒதவாது. இங்க முன்னாடி வர்றது பச்சக் காத்து. குளுந்த காத்துக்குக் கனம் உண்டு. எஞ்சின் நல்லா இழுக்கும்." அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அன்றுதான் கேட்டேன். குழாயைத் தட்டிக் கொடுத்துவிட்டு, "மலையில காத்து சும்மாத்தான கெடக்கு. யாருட்டயும் கேக்க வேண்டியதில்ல" என்றார்.

சும்மா சொல்லக் கூடாது, வண்டி இழுத்தது. பூண்டு மூட்டை அடுக்கிக்கொண்டு பூம்பாறை ஏற்றத்தில் முன்னைவிடச் சுளுவாக ஏறியது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தானே சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் சத்தம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அந்தக் குழாய் ஊ ஊ என்று ஊளையிட்டது. எஞ்சின் சூடேறினால் எலுமிச்சை ஊறுகாய் வாடை வேறு. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதே என் கடைக்குக் கேட்டுவிடும். முதலாளி பில் போடுவதை நிறுத்திவிட்டு, "ஒங்க மச்சான் வர்றாருப்பா, சங்கு ஊதுது" என்பார். கடையில் நிற்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். "சாமான் கடைக்காரன் மச்சான் வண்டிக்கு ஊறுகா டப்பாவா?" என்று ஒரு மெக்கானிக் கேட்டான். நான் கீழ்த்தட்டில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், சரியான டப்பாவை நானே எடுத்துப்போய் அவர் ஜீப் சீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அது துடைத்த மேனிக்குக் கடை வாசலில் இருந்தது. அவரைக் காணோம்.

குழாய்க்கு ஒரு குறை உண்டு. மேல்மலைப் பனி சும்மா இருக்காது. அடைமழைக் காலத்தில் மேகம் தரையில் நடக்கும். அந்த ஈரத்தையெல்லாம் வடிகட்டித் துணி குடித்துக்கொண்டு ஊறிப்போகும். காற்று நுழையாமல் ஜீப் திணறும். அவர் அவ்வப்போது நிறுத்தி, துணியைப் பிழிந்து, எஞ்சின் மேலேயே காயப்போட்டு, மறுபடி மாட்டுவார். ஏறியிருக்கிற சனங்கள் அதுவரை இறங்கி நிற்கும். பூண்டு வியாபாரி ஒருவர், "ஒங்க வண்டியில ஏறுனா நடுவுல துணி காயப்போடணும்" என்று என்னிடமே சொன்னார்.

ஒருநாள் அவர் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது பைக் பில்டர் வாங்க ஒருவன் வந்தான். அவனிடம் நான், "ஸ்பான்ஜுல லேசா எண்ணெயத் தடவி வைப்பா. தண்ணி ஒட்டாது, தூசியும் ஒட்டிக்கிரும்" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன். மச்சான் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். என்ன எண்ணெய் என்று கேட்கவில்லை. "மேல இன்னைக்கு வெயில் அடிக்கும்போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் சுகன்யாவுக்கு இடம் கிடைத்தது. சுகன்யா அக்காவின் ஒரே மகள். பன்னிரண்டாவது முடித்திருந்தாள். திண்டுக்கல்லில் ஒரு நர்சிங் காலேஜில் பெயர் வந்திருந்தது. மேல்மலையில் அவள் வகுப்பில் வேறு யாருக்கும் வரவில்லை. சொன்ன நாளில் காலை பத்து மணிக்குச் சர்டிபிகேட்டோடு அங்கே நிற்க வேண்டும், பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்று போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு ராத்தூக்கம் இல்லை. துணிப்பையை எடுத்து வைத்துவிட்டு, மறுபடி பிரித்து மறுபடி எடுத்து வைத்தாள் என்று அக்கா சொன்னாள்.

மேலேயிருந்து திண்டுக்கல் என்றால் மலை முழுக்க இறங்க வேண்டும். அக்கா சொல்லியிருக்கிறாள், "மொத நாளே எறங்கி எந்தம்பி வீட்டுல தங்கிட்டு, காலையில நிம்மதியாப் போங்க."

"அவங்க வீட்டுல போயி ராத்தங்கிக்கிறோம்னு எப்படிக் கேக்குறது?"

"அது எந்தம்பி வீடுங்க. கேக்கவே வேண்டாம், போயி நின்னாப் போதும்."

"இருக்கட்டும். வெள்ளனே கெளம்புனாச் சரியாப் போயிரும். சுணங்காது."

அன்று சாயங்காலம் மகளுக்காக ஜீப்பைத் தேய்த்துக் கழுவினார். பனியில் வண்டி திணறிவிடக் கூடாது என்று வடிகட்டித் துணிக்கு எண்ணெய் போட்டார். அடுப்போரம் இருந்த தேங்காயெண்ணெயை.

மேல்மலையில் தேங்காயெண்ணெய் ராத்திரிக் குளிரில் உறைந்து வெள்ளையாகிவிடும். காலையில் பாட்டிலை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்ப்பார்கள். அங்கே பிறந்த பிள்ளை தவழும்போதே தெரிந்துகொள்கிற சங்கதி இது. அவருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அது உருகி, தண்ணீராய், கைக்கெட்டுகிற இடத்தில் இருந்திருக்கிறது. ஜீப்பிலேயே எஞ்சின் ஆயில் டின் கிடந்தது. அது புகையும், இது நல்ல எண்ணெய், எஞ்சினுக்குக் குளிர்ச்சி என்று நினைத்தாராம். போன் போட்டு, "என்ன எண்ணெய் மாப்ள?" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

காலையில் நடந்ததைச் சுகன்யா சொன்னபடி சொல்கிறேன். நல்ல குளிர். ஜீப் இருமிக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறது. ஊளைச் சத்தம் வழக்கம்போல் இல்லை, சன்னமாக விசில் மாதிரி கேட்டிருக்கிறது. பின்னால் கறுப்புப் புகை. பூம்பாறை தாண்டி, காட்டுக்குள் ஓர் ஏற்றத்தில் அவர் அழுத்தி மிதித்தார். உள்ளே எதுவோ நொறுங்குகிற சத்தம் வந்தது. வண்டி நின்றுவிட்டது. பானெட்டைத் தூக்கி டப்பாவைத் திறந்தால், உள்ளே எண்ணெய் உறைந்து வெள்ளையாக அப்பியிருக்கிறது. துணியைக் காணோம். கம்பி வளையத்தில் பாதியைக் காணோம். காற்றுக்கு வழியில்லாமல் எஞ்சின் இழுத்த இழுப்பில் வடிகட்டியே உள்ளே போய்விட்டது.

"அப்பவும் நேரம் இருந்துச்சு மாமா" என்றாள் சுகன்யா. "கொடைக்கானல் வரைக்கும் ஒரு வண்டியில தொத்திட்டாப் போதும், அங்கருந்து பஸ்ஸு இருக்கு. பால் வண்டி ஒண்ணு வந்துச்சு. அப்பா பானெட்டுக்குள்ள குனிஞ்சுக்கிட்டார். அப்புறம் ஒரு லாரி வந்துச்சு. கையத் தூக்குற மாதிரி வந்து தலையச் சொறிஞ்சுக்கிட்டார். அப்புறம் ஒரு டூரிஸ்ட் காரு. அவங்க தானாவே நிப்பாட்டினாங்க மாமா. கண்ணாடிய எறக்கி, 'என்னங்க, வண்டி ரிப்பேரா, ஒதவி ஏதாச்சும் வேணுமா'ன்னு கேட்டாங்க."

பையின் காதைத் திருகிக்கொண்டே மேலே சொன்னாள்.

"அப்பா சிரிச்சுக்கிட்டே, 'ஒண்ணுமில்லீங்க, சும்மா நிப்பாட்டிருக்கோம். பனி பாக்க'ன்னார். பனி பாக்கவாம் மாமா. நான் பையோட உள்ள உக்காந்திருக்கேன்."

கார் போய்விட்டது. அதன் பின்விளக்கு வளைவில் மறைகிறவரை அப்பா பனியைப் பார்க்கிறவர் மாதிரியே நின்றாராம். சுகன்யா காத்திருந்தாள், இன்னும் ஏதாவது செய்வார் என்று. பிறகு இறங்கி நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்து வந்த கேரட் லாரி ஒன்று நின்றது. அவரைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டாள். அவள் திண்டுக்கல் போய்ச் சேரும்போது மத்தியானம். இடம் காலையிலேயே வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டிருந்தது.

அவள் மேலே போகவில்லை. என் வீட்டிலேயே இருந்துகொண்டாள். அப்பா போன் செய்தால் என் மனைவியிடம் போனைக் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

அந்த வாரக் கடைசியில் கடையில் நட்டு பிரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் மச்சான் நிற்கிறார். பஸ்ஸில் வந்திருக்கிறார், சங்கு கேட்கவில்லை, அதனால் யாரும் சிரிக்கவில்லை. மழையைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது.

"மாப்ள, அந்தக் காலேசுக்கு என்னையக் கூட்டிக்கிட்டுப் போறியா?"

கேள்வி. என் அக்காவைக் கட்டி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான் முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டேன். வரமாட்டேன் என்ற சுகன்யாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

காலேஜ் வாசலில் வாட்ச்மேனிடமே ஆரம்பித்துவிட்டார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எந்தப் பக்கம் என்று கேட்டார். ஜன்னலுக்கு உள்ளே இருந்த கிளார்க், "லிஸ்ட் முடிஞ்சிருச்சுங்க" என்றார். "ஒங்களுக்கு மேல யாருங்க?" என்று இவர் கேட்டார். "பிரின்சிபால் மேடம் இன்னைக்கு யாரையும் பாக்க மாட்டாங்க." "எப்ப வெளிய வருவாங்க?" என்று கேட்டார். பழக்கமில்லாததால் குரலின் அளவு தெரியவில்லை அவருக்கு. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "போதும் மச்சான், வாங்க" என்றேன். அவர் நகரவில்லை.

மத்தியானம் மேடம் கார் போர்ட்டிகோவிலிருந்து புறப்பட்டது. இவர் போய் அதன் முன்னால் நின்று கையைத் தூக்கினார். பாதியில் இல்லை, நன்றாகத் தலைக்குமேல். கார் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"அம்மா, எம்புள்ளைக்கு இங்க எடம் வந்துச்சு. அன்னைக்கு அது வர்றதுக்குச் சுணங்கிருச்சு. புள்ள மேல தப்பில்லம்மா. வெள்ளனே குளிச்சு ரெடியாத்தான் இருந்துச்சு. நாந்தான் வண்டியில தேங்காண்ணயப் போட்டேன்."

"தேங்காண்ணயா?" என்றார் அந்த அம்மா.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். குழாய், ஊறுகாய் டப்பா, டீ வடிகட்டி, எண்ணெய் உறைந்தது, ஒன்று விடவில்லை. பக்கத்தில் நின்றிருந்த மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிளார்க் வெளியே வந்து நின்று சிரித்தார். நாளெல்லாம் கத்திப் பிழைக்கிற நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காதிரண்டும் எரிந்தது.

"அது போகட்டும்மா. ஒரு காருக்காரங்க நிப்பாட்டி, ஒதவி வேணுமான்னு கேட்டாங்க. நான் பனி பாக்குறேன்னு சொல்லிட்டேன். கேக்க வெக்கமாப் போச்சும்மா. எம்புள்ள உள்ள உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கு, நான் பனி பாக்குறேன்னு சொல்லிட்டேன். என் வெக்கத்துக்காக அதோட படிப்ப எடுத்துராதீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. சுகன்யா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த அம்மா நல்லவிதமாகத்தான் பேசினார். "இடம் இல்லீங்களே ஐயா. இன்னொரு பிள்ளைக்குக் குடுத்தாச்சு. அதை எப்படி நான் திருப்பி வாங்குறது?"

"வேற வழி எதுவும் இருக்காம்மா?"

"இந்த வருஷம் இல்லீங்க. அடுத்த வருஷம் மறுபடியும் போடச் சொல்லுங்க."

"அடுத்த வருஷம் எந்த மாசம்மா? யாருட்ட வந்து கேக்கணும்?"

அந்த அம்மா சொன்னார். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கார் போனது. திரும்பி வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இல்லேன்னுட்டாங்க மாப்ள" என்றார். அவர் முகத்தில் அழுகையில்லை. இத்தனை காலம் பயந்துகொண்டிருந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு, இவ்வளவுதானா என்று விழிப்பதுபோல இருந்தது. பக்கத்திலேயே மகள் நின்றாள். அவளைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். மூன்று இலை. சுகன்யா முதலில் ஊற்றிய சாம்பாரில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. அவளுக்கும் சாம்பார் போதாமல் சோறு உதிரியாகத்தான் கிடந்தது. அப்பாவுக்கும் மகளுக்கும் இடையில் உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டு பக்கமும் பார்க்கக் கூச்சமாக இருந்தது. சாம்பார் வாளியோடு போன தம்பி எங்கள் மேசையைத் தாண்டிப் போய்விட்டான். ஊற்றியது தீர்ந்து மச்சான் இலையில் வெறும் சோறு. நான் வழக்கம்போல் குரல் கொடுக்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் கையைத் தூக்கிவிட்டார்.

"தம்பி, இங்க கொஞ்சம் சாம்பார் குடுங்க."

தேவைக்கு மேல் சத்தம். நாலு மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாளிக்காரன் கடைக்கோடியில் நின்றான், காதில் விழவில்லை.

சுகன்யா நிமிரவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் சேத்துக் கேளுங்கப்பா" என்றாள்.

அவர் எழுந்து நின்று கேட்டார்.